மஞ்சள் மூட்டை அறையில் மூன்று நாள்

பூவோடு என்னும் நெருப்புச் சட்டி எடுக்க இன்னும் எட்டு நாள் இருந்தது.

அன்று நித்யஸ்ரீ ஊருக்கு வந்தது ஸ்பைக் ஷூவை எடுத்துப் போக மட்டும்தான். மதியம் வீட்டுக்குப் போய், ஷூவைப் பையில் போட்டு, இருட்டுவதற்குள் கோயமுத்தூர் விடுதிக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்திருந்தாள். பள்ளி விளையாட்டு ஆசிரியர் உமர் பாரூக் சாரை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. பள்ளிக்கூட மைதானத்தைத் தாண்டும்போது அவர் கூப்பிட்டு நிறுத்தினார். பிள்ளைகள் கோகோ ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆட்டம் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். ஒரு ஆட்டம் மூன்று ஆட்டமானது. அவள் வீட்டுக்கு வந்து ஷூவைத் தேடி எடுத்தபோது மாரியம்மன் கோயில் பக்கமிருந்து மேளச் சத்தம் வந்தது. கோயில் முன்னால் நோம்பித் திருவிழாவுக்கான கம்பம் நட்டுவிட்டார்கள்.

கம்பம் நடும்போது யார் யார் ஊருக்குள் இருக்கிறார்களோ, அவர்கள் அதைப் பிடுங்கும்வரை இரவில் வெளியூரில் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம். படுக்க ஊருக்கு வந்துவிட வேண்டும்.

"மாட்டிக்கிட்டயா அம்மணி" என்றாள் அம்மா புவனா. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "எத்தன மாசமாச்சு நீ சேந்தாப்பல ஒரு வாரம் ஊட்டுல இருந்து."

"எனக்கு பிராக்டீஸ் இருக்குதுங்கம்மா."

"ஆத்தாகிட்டச் சொல்லு. அவதான் புடிச்சு வெச்சிருக்கறா."

கோயமுத்தூரிலிருந்த பயிற்சியாளர் நஞ்சுண்டனுக்குப் போன் செய்தாள். அவர் கோபப்படவில்லை. அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான்.

"கம்பத்துல மாட்டிக்கிட்டா என்ன பண்றது. வாய்க்கா கரை இருக்குதில்ல, அதுல ஓடு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. அம்மா கையால தின்னு எடையக் கூட்டிக்கிட்டு வந்துறாத."

"சரிங்க சார்."

நித்யஸ்ரீக்கு இருபத்திரண்டு வயது. புள்ளியியல் படித்து முடித்திருந்தாள். கோகோவில் தமிழ்நாட்டு அணிக்கு ஆடியவள். ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தில் அகில இந்திய அளவில் வெள்ளி வாங்கியவள். அடுத்த மாதம் இந்திய கோகோ அணிக்கான முகாம் இருந்தது. அது முடிந்த பத்தாம் நாள் தேசிய தடகளப் போட்டி. இப்படி இரண்டு விளையாட்டிலும் அந்த உயரத்துக்குப் போனவர்கள் மாவட்டத்தில் வேறு யாரும் இல்லை என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். அண்ணன் கிருபாசங்கர் அதை வெட்டி, பெரிதாக்கி, நோம்பிக்காக பஸ் நிறுத்தத்தில் ஃபிளெக்ஸ் வைத்திருந்தான். இடது பக்கம் கோகோ உடையில் அவள். வலது பக்கம் ஓட்ட உடையில் அவள். நடுவில் அம்மன்.

மறுநாள் காலை அந்த ஃபிளெக்ஸைத் தாண்டித்தான் அவள் ஓடப் போனாள். டீக்கடையில் கந்தப்பன் பெரியப்பா உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்கம்மணி, போட்டோவுல ரெண்டு பேரு இருக்கறாங்க. ரெண்டு பேரையுஞ் சேத்தாக்கூட ஒரு ஆளு எடை வராதாட்ட இருக்குதே."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"வாய்க்கா மேட்டுல காத்து எச்சா அடிக்கும். ஜோப்புல ரெண்டு கல்லப் போட்டுக்கிட்டு ஓடுங்க."

"சரிங்க பெரீப்பா."

வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். கரையில் மண் இறுகிக் கிடந்தது. முதல் இரண்டு கிலோமீட்டர் நன்றாக இருந்தது. அப்புறம் வலது கால் முன்னெலும்பில், கட்டை விரல் அகலத்துக்கு, அந்த இடம் பேச ஆரம்பித்தது. போன மாதத்திலிருந்து இருக்கிற வலி. ஓட்டத்தை நிறுத்தினால் போய்விடும், ஓடினால் வரும். அவள் நின்று, குனிந்து, விரலால் அழுத்திப் பார்த்தாள். ஒரே ஒரு புள்ளியில் மட்டும் வலித்தது. அது எதற்கான அறிகுறி என்று அவளுக்குத் தெரியும். ஒன்றரை வருஷத்துக்கு முன் இதே எலும்பு, இதே இடத்துக்குச் சற்று மேலே, மயிரிழையாக விரிசல் விட்டது.

அப்போது மூன்று மாதம் வீட்டில் கிடந்தாள். ஓடினது போதும் என்று அம்மா சொன்னாள். அப்பா எங்கோ போய் ஒரு ஜாதகம் வாங்கி வந்தார். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான்காம் நாள் அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, ஜாதகத்தை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். இவள் மறுபடியும் ஓடி ஒரு மெடல் வாங்கினால் இவள் கையாலேயே பூவோடு எடுக்க வைப்பதாக வேண்டிக்கொண்டாளாம். அதுவரை காப்பி குடிப்பதில்லை என்றும். அம்மாவுக்குக் காப்பி இல்லாமல் பொழுது விடியாது. மெடல் போன ஐப்பசியில் வந்தது. பூவோடு எடுத்தால்தான் வேண்டுதல் முடியும். அதனால் அம்மா இன்னும் காப்பி குடிக்கவில்லை.

போன மாதம் வலி தொடங்கியதும் அவள் கோயமுத்தூரில் ஒரு பெண் டாக்டரிடம் தனியாகப் போனாள். டாக்டர் காலைப் பார்த்தார். எடையைப் பார்த்தார். அப்புறம் காலைப் பற்றிக் கேட்கவில்லை.

"மாசா மாசம் வருதா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"வர்றதில்லையா?"

தலையை ஆட்டினாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு மெதுவாக விளக்கினார். ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகவில்லை என்றால் உடம்பு தனக்கு உடனே தேவைப்படாததை ஒவ்வொன்றாக நிறுத்திவிடும். முதலில் நிறுத்துவது அதைத்தான். அது நின்றால் எலும்பு மெலியும். கோகோ முடிந்ததும் ஓட்டம், ஓட்டம் முடிந்ததும் கோகோ என்று இருந்தால் உடம்பு எப்போது ஆறும். இரண்டில் ஒன்றை ஒரு வருஷத்துக்கு நிறுத்த வேண்டும், மற்றதைக் குறைக்க வேண்டும், நிறையச் சாப்பிட வேண்டும். இதையெல்லாம் தனியாகச் செய்ய முடியாது.

"அடுத்த தடவை வீட்ல யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க. அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. இப்படியே ஓடினா இந்த எலும்பு முழுசா உடையும். உடைஞ்சா அப்புறம் ரெண்டும் கிடையாது."

அவள் சரிங்க டாக்டர் என்றாள். திரும்பப் போகவில்லை.

அம்மாவிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அலமாரி திறக்கும். பெண்பிள்ளைக்கு உடம்பே கெட்டுப்போயிற்று, இனி எந்த விளையாட்டு என்பார்கள். ஒரு வருஷ ஓய்வு என்று டாக்டர் சொன்னது வீட்டில் கல்யாணம் என்று கேட்கும். சொல்லாவிட்டால் எலும்பு. இரண்டு பக்கமும் அவள் பல நாள் யோசித்தாள். யோசிக்கிற நேரத்தில் ஓடவும் செய்தாள்.

இரண்டில் எதையும் அவளால் விட முடியாது. ஓடும்போது அவளுக்கு யாரும் தேவைப்படுவதில்லை. அது அவளுக்குப் பிடிக்கும். மனிதர்களோடு பேசத் தெரியாத அவளுக்கு கோகோ வேறு மாதிரி உதவியது. துரத்தும் அணியில் எட்டுப் பேர் கட்டங்களில் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். எதிராளி எத்தனை பக்கத்தில் ஓடினாலும் தானாக எழுந்திருக்கக் கூடாது. துரத்தி வருகிறவள் முதுகில் கை வைத்து 'கோ' என்று சொன்னால்தான் எழலாம். அந்தக் கை எப்போது விழும் என்று முதுகு காத்துக்கொண்டிருக்கும். பள்ளியில் அவளைத் தொட்டு யாரும் பேசாத நாட்களில்கூட அந்தக் கை விழுந்தது.

அன்று சாயந்தரம் அம்மாவும் அண்ணி ஹாரிகாவும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். நித்யஸ்ரீ தட்டில் இருந்த களியை எல்லாரும் பார்க்கும்படி பிசைந்துகொண்டிருந்தாள். அம்மா விரல் கணுக்களை எண்ணினாள். அவளுக்குக் காலண்டர் தேவைப்படுவதில்லை. வீட்டுப் பெண்களின் நாட்கள் எல்லாம் அவள் விரலில் இருந்தன. கோயில், சீர், விருந்து எதுவானாலும் முதலில் விரலைத்தான் பார்ப்பாள். ஒவ்வொரு மாதமும் போனில் மறக்காமல் கேட்பாள். நித்யஸ்ரீயும் மறக்காமல் ஒரு தேதி சொல்வாள்.

"அய்யோ" என்றாள் அம்மா. "பூவோட்டன்னைக்கே வருது கண்ணு."

"எதுங்கம்மா?"

"எதுவா. உனக்குத் தூரம் வர்ற நாளு. போன மாசம் நீ சொன்ன நாளுக்கு எண்ணிப் பாரு."

அவள் எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. அந்தத் தேதிகளையெல்லாம் அவள்தான் உண்டாக்கினாள். ஒரே சீராகச் சொன்னால் சந்தேகம் வரும் என்று ஒரு மாதம் இரண்டு நாள் முன்னே, ஒரு மாதம் மூன்று நாள் பின்னே தள்ளிச் சொல்லியிருந்தாள். பொய்யாகச் செய்த எண்களில் ஏற்ற இறக்கம் போதாமல் இருக்கும், அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள் என்று வகுப்பில் படித்திருந்தாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்கு வந்தபோது தேதிகளுக்கு நடுவில் வந்து போனாள். கம்பம் நடும் நாளை மட்டும் அவள் பார்க்கவில்லை.

"மாத்திரை போட்டாத் தள்ளிப் போயிரும்ங்க அத்தை" என்றாள் ஹாரிகா. "எங்க ஊட்டுல தங்கச்சி கல்யாணத்துக்கு நாங்க மூணு பேரும் போட்டோம். எங்கம்மா தட்டுல வெச்சு வெத்தலை பாக்காட்டக் குடுத்தாங்க."

"வாங்கிட்டு வந்துரு சாமி. நாளைக்கே."

"எனக்கு மாத்திரை வேண்டாமுங்க" என்றாள் நித்யஸ்ரீ. "எங்களுக்கு சோதனை எடுப்பாங்க. அந்த மாதிரி மாத்திரை சிலது அதுல குழப்பம் பண்ணும்னு கேம்ப்ல சொல்லியிருக்கறாங்க."

இது பொய்யில்லை. ஒரு வகுப்பே எடுத்திருந்தார்கள். உண்மையைக் கொண்டு பொய்யை மூடுவது எத்தனை சுலபம் என்று அவள் நினைத்தாள்.

அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "அப்ப இந்த வருசம் இல்லையா."

அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நித்யஸ்ரீக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஹாரிகா காப்பி போட்டு எல்லாருக்கும் கொண்டு வந்தாள். அம்மாவுக்குச் சுடுதண்ணீர். அம்மா அந்தத் தண்ணீரை ஊதி ஊதிக் குடித்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை காலை எழுந்ததும் நித்யஸ்ரீ சமையலறை வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

"வந்திருச்சுங்கம்மா. முன்னாலயே வந்திருச்சு."

அம்மா ஒரு கணம் அவளையே பார்த்தாள். அப்புறம் கோயில் இருந்த திசையில் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆத்தாளே பாத்துக்கிட்டா. ஞாயித்துக்கெழமை தலைக்கு ஊத்திக்கிட்டீன்னா பூவோட்டுக்குள்ள சுத்தமாயிரும்."

வேறு நாட்களில் என்றால் தனி அறையில் தனிப் பாயோடு முடிந்துவிடும். கம்பம் நட்டிருப்பதாலும் அம்மா விரதத்தில் இருந்ததாலும் இந்த முறை வீட்டுக்குள்ளேயே கூடாது. பின்னால் மஞ்சள் மூட்டை அடுக்கும் அறையை ஹாரிகா பெருக்கிக் கொடுத்தாள். ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். அறை முழுக்க மஞ்சள் வாசம். மூட்டைகள் சுவரோடு சுவராக உத்தரம் வரை நின்றன.

"ஏசி இல்லீங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்றாள் ஹாரிகா, வாசலுக்கு அந்தப் பக்கம் நின்று. "போனுக்கு சார்ஜரத் தூக்கிப் போடறேன், புடிச்சுக்கங்க. நானு தொடக்கூடாது."

"நீங்களும் இங்கதான் இருப்பீங்களாண்ணி, உங்க நாளுன்னா?"

"நானா. எனக்குத் தள்ளிப் போறதுக்கு மாத்திரை இருக்குது. உங்க அண்ணனுக்கே தெரியாது, வாயத் தொறந்துராதீங்க."

அம்மா சாப்பாட்டுத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு விலகி நிற்பாள். அவள் எடுத்துக்கொள்வாள். அன்று முற்பகலில் அம்மா ஒரு சொம்பில் ஏதோ சூடாகக் கொண்டு வந்து வைத்தாள். மூடியைத் திறந்தால் ஓமத் தண்ணீர். எதற்கு என்று ஒரு கணம் யோசித்தாள். நேற்றுத் தின்ற களி செரிக்க இருக்கும். அப்படியே மூடி வைத்துவிட்டு, கோயில் வழியாகப் போகக் கூடாது என்பதால் பின்பக்கம் மஞ்சள் காட்டு வரப்பு வழியாக வாய்க்காலுக்குப் போனாள். ஐந்து கிலோமீட்டர். திரும்பி வந்தபோது சொம்பைக் காணவில்லை. அம்மா எடுத்துப் போயிருந்தாள்.

மூன்று நாளும் அவள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். கடையில் நாப்கின் வாங்கியிருந்தாள். அதில் ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் நனைத்து, செய்தித்தாளில் சுற்றி, கொல்லையில் எரிப்பதற்கான வாளியில் போட்டாள். வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே போகவில்லை. யாரையும் தொடவில்லை. துணியைத் தனியாகத் துவைத்துத் தனியாகக் காயப் போட்டாள். இராத்திரி மேளம் முழங்கியது. ஊரே கம்பத்தைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. அவள் மூட்டைகளைப் பார்த்துப் படுத்திருந்தாள். இது வேலை செய்கிறது என்று தோன்றியது. ஞாயிறு குளியல், புதன்கிழமை பூவோடு, வியாழன் அம்மாவுக்குக் காப்பி. அப்புறம் விடுதி. அப்புறம் முகாம். எலும்பு அதுவரை தாங்கினால் போதும். அதற்கப்புறம் போட்டி வரை தாங்கினால் போதும்.

வெள்ளிக்கிழமை அம்மா தட்டை வைத்துவிட்டு உடனே போகவில்லை. படியில் நின்று அவள் சாப்பிடுவதைப் பார்த்தாள். அவளும் பார்வைக்காக நான்கு வாய் கூடச் சாப்பிட்டாள்.

"அந்தக் கோயமுத்தூர்ல உன்ற கூட யாரெல்லாம் இருக்கறாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஆஸ்டல்ல பிள்ளைகதானுங்கம்மா."

"பிள்ளைக மட்டுந்தான?"

"ஆமாங்க."

"ம்" என்றாள் அம்மா.

அன்று மாலை அவள் ஓடிவிட்டு வந்தபோது வீட்டுக்குள் ஹாரிகாவின் குரல் கேட்டது. "ஏனுங்க அத்தை, விரதம் ஒருபொழுதுதான. அந்த ஒருபொழுதும் சாப்பிடாமப் போட்டு வெச்சிருக்கறீங்க." அம்மா என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் வீடு காலியாக இருந்தது. அப்பாவும் அண்ணனும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். ஹாரிகாவைக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வரச் சொல்லி அம்மா அனுப்பியிருந்தாள். வழக்கமாக அம்மா தானே குடத்தை எடுத்துக்கொண்டு போவாள்.

நித்யஸ்ரீ வாசலுக்கு முதுகைக் காட்டிக் கீழே உட்கார்ந்து வலது காலை நீட்டி, கட்டை விரலால் அந்த இடத்தை அழுத்திக்கொண்டிருந்தாள். காலையில் நடக்கும்போதே வலித்தது. நடக்கும்போது வலிப்பது இதுதான் முதல் தடவை.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தட்டு வைக்கும் சத்தத்துக்குக் காத்திருந்தாள். வரவில்லை. காலடி படியைத் தாண்டி உள்ளே வந்தது. அவள் திரும்புவதற்குள் ஒரு கை அவள் முதுகில் விழுந்தது.

மூன்று நாளாக யாரும் தொடாத முதுகு. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தொட்டுப்போட்டீங்களேம்மா. விரதம்ங்க. நான் தூரமா இருக்கறேன்."

அம்மா கையை எடுக்கவில்லை. கையில் மஞ்சள் கயிற்றுக் காப்பு இருந்தது. பாயில், அவள் பக்கத்திலேயே, மெதுவாக உட்கார்ந்தாள். மூட்டு நெறிந்த சத்தம் கேட்டது.

"நீ தூரமா இல்லையே கண்ணு."

நித்யஸ்ரீ நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள்.

"ஓமத் தண்ணி வெச்சேன். எடுத்துக்கூடப் பாக்கல நீயி." அம்மா மூட்டைகளைப் பார்த்துப் பேசினாள். "வயசுக்கு வந்த நாள்ல இருந்து மொத நாளுன்னா உனக்கு வகுறு வலி. சுருண்டு படுத்துக்குவே. வாந்தி எடுப்பே. ஒருக்காப் பள்ளிக்கூடத்துல இருந்து உங்க பாரூக் சாரு வண்டில கொண்டாந்து விட்டாரு, ஞாபகம் இருக்குதா? அந்தப் பிள்ள மொத நாளே வாய்க்காலுக்கு ஓடறா. வலின்னு ஒரு வார்த்தை இல்ல. மூணு நாளும் பாத்துட்டுத்தான் இருக்கறேன்."

வலி. அவள் தேதியை யோசித்தாள், நாப்கினை யோசித்தாள், வாளியை யோசித்தாள். வலியை மறந்தே போயிருந்தாள். அப்படி ஒன்று இருந்தது என்பதே இப்போதுதான், எங்கோ படித்தது போல, நினைவுக்கு வந்தது.

"வராத ஒண்ண வந்துதுன்னு எதுக்கு ஒரு பிள்ள சொல்லோணும்" என்றாள் அம்மா. "ரெண்டு நாளா அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கறேன். சோறு எறங்கல."

"அம்மா…"

"சித்த இரு. நான் சொல்லி முடிச்சர்றேன். உங்கப்பங்கிட்டச் சொல்லல. ஹாரிகாகிட்டவும் சொல்லல. ஆருகிட்டவும் சொல்ல மாட்டேன். திட்ட மாட்டேன். எதுவா இருந்தாலும் நானிருக்கறேன். வேண்டுதல் கெடக்கட்டும், அத ஆத்தாகிட்ட நானே சொல்லிக்கறேன்." அம்மாவின் குரல் சற்று இறங்கியது. "யாருன்னு மட்டும் சொல்லு கண்ணு."

"யாருன்னா?"

கேட்ட பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. அம்மா இரண்டு நாளாக எதைச் சுமந்துகொண்டு கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள் என்று புரிந்தது. வெள்ளிக்கிழமை கேட்ட கேள்வி, சாப்பிடாத சாப்பாடு, ஹாரிகாவை அனுப்பியது எல்லாம் புரிந்தது. சிரிப்பு வரும் போல இருந்தது. வரவில்லை. அப்படி ஒன்று நடந்திருந்தாலும் பக்கத்தில் நிற்பேன் என்று முடிவு செய்துவிட்டுத்தான் அம்மா படியைத் தாண்டி வந்திருக்கிறாள்.

அவளிடம் இன்னொரு பொய் தயாராக இருந்தது. தேடாமலேயே வந்து நின்றது. ஓட ஓட அந்த வலியெல்லாம் போய்விட்டது, உடற்பயிற்சி செய்தால் போய்விடும் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. நம்பும்படியான பொய். பாதி உண்மையும்கூட. அதைச் சொன்னால் அம்மா அழுதுவிட்டு, சிரித்துவிட்டு, எழுந்து போய் முகம் கழுவுவாள். நாளைக்குத் தலைக்கு ஊற்றிக்கொள்ளலாம். புதன்கிழமை சட்டி நெருப்பைக் கையில் ஏந்திக் கம்பத்தைச் சுற்றலாம். எல்லாரும் பார்ப்பார்கள். அலமாரி மூடியே இருக்கும்.

கோயில் பக்கம் மேளம் தொடங்கியது. கால் எலும்பில் அந்த ஒரு புள்ளி மேளத்துக்குச் சம்பந்தமில்லாமல் தனியாகத் துடித்தது.

அம்மாவின் கை இன்னும் அவள் முதுகிலேயே இருந்தது. சூடாக இருந்தது. அது எடுக்கப்படுவதற்காகக் காத்திருந்தாள். அது எடுக்கப்படவில்லை.

"யாருமில்லீங்கம்மா" என்றாள் நித்யஸ்ரீ. குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "பதினாலு மாசமா எனக்குத் தூரமே வரலீங்க."